டிபி-303: பேஸ் வாசிக்கத் தெரியாத பெட்டி

என் மேசையில் இருப்பது டிபி-303, பேஸ் என்கிற கீழ்ஸ்தாயி வரியைத் தானே வாசிக்கும் மின்னணுப் பெட்டி. அசல் இல்லை. அசலுக்கு இன்று கேட்கிற விலையில் ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம். இது பிற்காலத்து நகல். ஆனால் சுரங்களை ஏற்றுகிற முறை அசலில் இருந்ததேதான்.

போன வாரம் இதில் ஒரு சின்ன பேஸ் வரி ஏற்ற உட்கார்ந்தேன். மொத்தம் 16 ஸ்டெப், அதாவது சம அளவான 16 காலத் துண்டு. அதில் 12 சுரம், 4 மௌனம். முதலில் சுரங்களை மட்டும் வரிசையாக அழுத்த வேண்டும். எந்தச் சுரம் எப்போது வரும் என்ற கணக்கு அப்போது கிடையாது. 12 முறை அழுத்தி முடித்ததும் வேறொரு பொத்தானைத் தொட்டு, காலக்கணக்கைத் தனியாகத் தர வேண்டும்: இந்த ஸ்டெப்பில் சுரம், இதில் முந்தைய சுரத்தின் நீட்சி, இதில் மௌனம் என்று 16 முறை. ஐந்தாவது சுரத்துக்கு வரும்போது வாசலில் கூரியர்காரர் மணியடித்தார். திரும்பி வந்தவன் ஐந்தாவதைப் போட்டாயிற்று என்று நினைத்து ஆறாவதை அழுத்திவிட்டேன்.

ஓடவிட்டால் வேறு ஏதோ கேட்கிறது. ஐந்தாவதிலிருந்து எல்லாச் சுரமும் ஒரு இடம் முன்னால் வந்துவிட்டது. தாளம் விழும் இடத்தில் அழுத்தமாக வர வேண்டிய சுரம் அதற்கு முந்தைய இடத்தில் வந்து முட்டுகிறது. கடைசி இடத்தில் பழைய நினைவில் கிடந்த ஏதோ ஒரு சுரம். தப்புதான். ஆனால் நான் போட நினைத்ததைவிட நன்றாக இருந்தது.

ரோலண்ட் டிபி-303 என்ற இந்தப் பெட்டி கடையில் தோற்றது, பிறகு ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகையையே உருவாக்கியது. இதைச் சொல்கிறவர்கள் வழக்கமாக 'தற்செயல்' என்று முடித்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஒலியை வடிகட்டுகிற ஃபில்டரைப் புகழ்வார்கள். எனக்கு இரண்டிலும் முழு உடன்பாடு இல்லை. எந்த வடிவமைப்பு முடிவுகளால் அது விற்காமல் போனதோ, அதே முடிவுகளால்தான் பின்னால் அது தேடப்பட்டது. ஒவ்வொன்றாகக் காட்ட முடியும்.

யாருக்காகச் செய்தார்கள்

இகுதாரோ காகெஹாஷி 1972-ல் ஒசாகாவில் தொடங்கிய நிறுவனம் ரோலண்ட். 1981 இறுதியில் டிபி-303 வந்தது. டிபி என்றால் டிரான்சிஸ்டர் பேஸ். வடிவமைத்தவர் ததாவோ கிகுமோட்டோ. பின்னாளில் புகழ்பெற்ற டிஆர்-909 டிரம் மெஷினும் இவர் கைவேலைதான்.

அவர்கள் மனதில் இருந்த வாடிக்கையாளர், வீட்டில் தனியாக கிட்டார் பழகுகிறவர் அல்லது சின்ன விடுதியில் தனி ஆளாகப் பாடுகிறவர். கூட பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவர். தம்பூரா மீட்ட ஆள் இல்லாத வீட்டில் சுருதிப் பெட்டி வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. துணைக்கு டிஆர்-606 என்ற டிரம் பெட்டியும் வந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வெள்ளி நிறம். ஒரு கேபிளால் இணைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். பையில் போட்டுக்கொண்டு போகலாம், பேட்டரியிலும் இயங்கும். பேஸ் வரிகளை 64 பேட்டர்னாகச் சேமித்து, கோத்துப் பாட்டாக்கலாம். அமெரிக்காவில் விலை 395 டாலர்.

யோசனையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஏன் விற்கவில்லை

முதல் காரணம் சத்தம். கிட்டார்காரர் எதிர்பார்த்தது கம்பியைச் சுண்டினால் வருகிற 'தும்'. இதிலிருந்து வந்ததோ மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு 'ஞொய்ங்'. பேஸ் கிட்டார் என்று யாரும் ஏமாற மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் நான் மேலே சொன்ன ஏற்றும் முறை. இசைக்கலைஞனுக்குச் சுரமும் காலமும் ஒன்றாகத்தான் மனதில் வரும். பாட்டு வாத்தியார் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும்போது, முதலில் எல்லாச் சுரத்தையும் சொல்லு, எப்போது பாடுவது என்று அப்புறம் சொல்கிறேன் என்றா சொல்வார்? இந்தப் பெட்டி அப்படித்தான் கேட்டது. அன்றைய குறைந்த விலைச் சில்லுகளையும் குட்டி நினைவகத்தையும் வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவு பொறியாளருக்கு நியாயமாகவே பட்டிருக்கும். கச்சேரிக்குப் போகிற அவசரத்தில் 13 குட்டிப் பொத்தான்களோடு போராடுகிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லையே.

பேட்டரித் தலைவலி வேறு. போட்டு வைத்த வரிகள் எல்லாம் பேட்டரி தருகிற மின்சாரத்தில்தான் உயிரோடு இருந்தன. பேட்டரியைக் கழற்றினால் நினைவு கலைந்துவிடும். வெறுமையாகவும் ஆகாது, சம்பந்தமில்லாத சுரங்கள் கலவையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1983-ல் மிடி வந்தது. எந்த நிறுவனத்தின் கருவியும் வேறெந்த நிறுவனத்தின் கருவியோடும் பேசலாம் என்ற பொது மொழி அது. டிபி-303-இல் மிடி இல்லை. அதே ஆண்டு யமஹா டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் கீபோர்டு வெளிவந்து, மின்சுற்றாலேயே ஒலி எழுப்பும் அனலாக் என்றாலே பழசு என்ற எண்ணத்தைக் கடைவீதியில் பரப்பியது. 1984-ல் 303-இன் தயாரிப்பு நின்றுபோனது. மொத்தம் செய்தது சுமார் 10,000 பெட்டிகள். மிச்சம் இருந்தவை தள்ளுபடிக் கூடைக்கும் அடகுக் கடைக்கும் போயின.

பம்பாய், 1982

ஆசிட் ஹவுஸ் பிறந்த சிகாகோவுக்குப் போவதற்கு முன் பம்பாயில் ஒரு நிறுத்தம். இந்தி சினிமா ஒலிப்பதிவுகளில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்துவந்த சரண்ஜித் சிங், சிங்கப்பூரிலிருந்து புது ரோலண்ட் கருவிகளைக் கொண்டு வந்திருந்தார். டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிட்டர்-8 கீபோர்டு மூன்றையும் இணைத்து, டிஸ்கோ தாளத்தின் மேல் பத்து ராகங்களை வாசித்து 1982-ல் ஒரு எல்பி வெளியிட்டார். யமன், மால்கௌன்ஸ், பூபாலி எல்லாம் அதில் உண்டு. நம் கணக்கில் கல்யாணி, இந்தோளம், மோகனம். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் நெதர்லாந்திலிருந்து மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் காதைத் தீட்டிக்கொண்டது. சிகாகோவுக்கு ஐந்து வருடம் முன்பே ஆசிட் ஹவுஸ் மாதிரி ஒன்று பம்பாயில் பதிவாகியிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்கள். 2015-ல் அவர் காலமானார்.

அவரை 'ஆசிட் ஹவுஸின் தந்தை' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. சிகாகோப் பையன்கள் அந்தத் தட்டைக் கேட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆனால் இந்த ஆய்வுக்கு அந்தத் தட்டு வேறு விதத்தில் முக்கியம். அவருக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும்: ராகத்தின் சுரங்கள், அதுவும் சரியான வரிசையில். பெட்டியின் முரட்டு முறையைப் பொறுமையாகப் பழகி, தனக்கு வேண்டியதை வாங்கியிருக்கிறார். அப்படியிருந்தும் ஓடுவது என்னவோ அந்த வழுக்கும், துள்ளும் 303 குரல்தான். யார் ஏற்றினாலும், என்ன நோக்கத்தில் ஏற்றினாலும் பெட்டி தன் சுபாவத்தைக் காட்டிவிடுகிறது. அப்படியென்றால் தற்செயலுக்கும் தவறுக்கும் அப்பால் அந்தச் சுற்றிலேயே ஏதோ இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

சிகாகோ

பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே என்று மூன்று இளைஞர்கள். குழுவின் பெயர் ஃபியூச்சர். தங்களுக்கு ஒரு பேஸ் கருவி வேண்டும் என்று ஸ்பேங்கி செகண்ட்ஹேண்டில் மலிவாக ஒரு 303 வாங்கி வந்தார். கையேடு இல்லை. டிரம் தாளம் ஒன்றோடு அதை ஓடவிட்டிருந்தபோது, பியர் குமிழ்களைத் திருக ஆரம்பித்தார். ஸ்பேங்கி, நிறுத்தாதே, திருகிக்கொண்டே இரு என்றாராம்.

கருவியை உண்டாக்கியவர் வகுத்த கணக்குப்படி குமிழ்கள் பாட்டு தொடங்குமுன் ஒருமுறை திருப்பி வைத்துக்கொள்வதற்கானவை. ரேடியோவில் நிலையத்தைப் பிடித்த பிறகு குமிழை விட்டுவிடுவதில்லையா, அது மாதிரி. பியர் கை எடுக்கவில்லை. சுரங்கள் அதே 16 ஸ்டெப்பில் திரும்பத் திரும்ப வர, அவற்றின் நிறம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. மெட்டு இல்லை, ஆனால் பயணம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பெட்டி 395 டாலராகவே இருந்திருந்தால் இந்தப் பையன்கள் கைக்கு வந்திருக்காது. வந்திருந்தாலும், அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதை யாரும் இப்படி முறுக்கிப் பார்க்கத் துணிய மாட்டார்கள்.

பதிவு செய்த நாடாவை மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். ஒரே இரவில் அவர் அதை நான்கு முறை போட்டார். முதல் முறை ஆடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தைவிட்டு இறங்கிவிட்டார்கள். நான்காவது முறை கூட்டம் வெறிபிடித்த மாதிரி ஆடியது. பெயர் தெரியாத அந்தப் பாட்டுக்கு, 'ரான் ஹார்டியின் ஆசிட் டிராக்' என்று கூட்டமே பெயர் வைத்தது. மார்ஷல் ஜெஃபர்சன் தயாரிப்பில், டிராக்ஸ் நிறுவன வெளியீடாக, 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தலைப்பில் 1987-ல் வந்தது. பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடும். அடுத்த வருடமே பிரிட்டனில் அது ஒரு இளைஞர் அலையாகிவிட்டது. அந்தக் கதை பல இடங்களில் சொல்லப்பட்டிருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

மூடியைத் திறந்து பார்த்தால் பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஒலி அலையை உண்டாக்க ஒரே ஒரு ஆசிலேட்டர். அதிலிருந்து ரம்பப் பல் அலை வரும். சுவிட்சைத் தள்ளினால் அதையே உருமாற்றிச் சதுர அலை மாதிரி ஒன்றைத் தரும். மாதிரிதான், கச்சிதமான சதுரம் இல்லை. அப்புறம் மேல் அதிர்வெண்களை வெட்டுகிற ஃபில்டர். டிரான்சிஸ்டர்களை டயோடாகக் கட்டி ஏணி போல அடுக்கிய சுற்று அது. கட்-ஆஃப் குமிழ் எங்கே வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கும். ரெசனன்ஸ் குமிழ், வெட்டுகிற இடத்தில் இருக்கும் அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும். மற்ற பல சிந்தசைசர்களில் ரெசனன்ஸை முழுக்கத் திருப்பினால் ஃபில்டர் தானாகவே கூவ ஆரம்பித்துவிடும். 303 அந்த விளிம்புவரை போய் நின்றுகொள்ளும். கூவலாமா வேண்டாமா என்ற அந்தத் தத்தளிப்பைத்தான் நாம் கேட்கிறோம்.

ஃபில்டர் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் தனியாக எடுத்து ஒரு கீபோர்டால் வாசித்துப் பாருங்கள். பாதி 303 காணாமல் போய்விடும். மீதிப் பாதி ஸ்லைடிலும் ஆக்சென்டிலும் இருக்கிறது.

ஸ்லைடு என்பது நாம் ஜாரு என்று சொல்வதுதான். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துப் போவது. பாடகர் ஜாரு போடும்போது, பக்கத்துச் சுரத்துக்கு ஒரு நேரம், மேல் ஸட்ஜத்துக்கு ஒரு நேரம் எடுத்துக்கொள்வார். 303 அப்படி இல்லை. அரை சுரம் நகர்ந்தாலும் ஒரு ஸ்தாயி தாவினாலும் அதற்கு ஆகும் நேரம் ஒன்றேதான், சுமார் 60 மில்லிவிநாடி. அதனால் சின்ன தூரம் சோம்பலாக வழுக்கும், பெரிய தூரம் ரப்பர் மாதிரி இழுபட்டுச் சுண்டும். இழுபடும்போது புது அடி விழுவதும் இல்லை. முந்தைய சுரத்தின் மூச்சிலேயே அடுத்தது வருகிறது.

ஆக்சென்ட் இன்னும் சுவாரசியம். ஒரு சுரத்துக்கு ஆக்சென்ட் கொடுத்தால் சத்தம் கூடும், அது எல்லாக் கருவியிலும் உள்ளதே. இங்கே அதோடு, சுரம் எவ்வளவு வேகமாக அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கிற டிகே குமிழின் பேச்சு அந்தச் சுரத்துக்கு எடுபடாது. குமிழ் எங்கே இருந்தாலும் சரி, சுரம் சட்டென்று மூடிக்கொள்ளும். ஃபில்டரும் கூடுதலாகத் திறக்கும். எவ்வளவு திறக்கும் என்பதில்தான் விஷயம். அந்தத் திறப்பை ஒரு சிறிய மின்தேக்கி வழியாக அனுப்புகிறார்கள். தொடர்ந்து மூன்று சுரங்களுக்கு ஆக்சென்ட் இருந்தால், முதலாவதின் மின்னூட்டம் முழுக்க வடிவதற்குள் இரண்டாவது வந்து ஏறுகிறது. அது வடிவதற்குள் மூன்றாவது. அதனால் ஒரே அளவு அழுத்தம் கொடுத்த மூன்று சுரங்கள் ஒன்றைவிட ஒன்று உயரமாகக் கத்துகின்றன. பெட்டிக்குச் சற்று முன் நடந்தது நினைவில் இருக்கிறது என்று சொல்லலாம். இயந்திரத்தனமாக ஓடுகிற 16 ஸ்டெப்பில் உயிர் இருப்பது போலத் தோன்ற இதுவே பெரிய காரணம்.

இப்போது கூரியர்காரர் மணியடித்த கதைக்கு வாருங்கள். ஸ்லைடும் ஆக்சென்டும் காலத்தோடு ஒட்டியவை அல்ல, சுரத்தோடு ஒட்டியவை. சுரவரிசை ஒரு இடம் நகர்ந்தால் அவையும் சேர்ந்தே நகர்கின்றன. தாளக் கட்டு மட்டும் அசையாமல் நிற்கிறது. பழைய ஜாருகளும் அழுத்தங்களும் புது இடங்களில், முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு ஆக்சென்ட் இப்போது மௌனம் விலகியதால் அடுத்தடுத்து. மின்தேக்கி ஏறுகிறது. எந்த மனிதனும் உட்கார்ந்து யோசித்து எழுதாத ஒரு வரி பிறக்கிறது. பேட்டரியைக் கழற்றிப் போட்டால் வருகிற கலவையும் இதே ரகம். அதை வேண்டுமென்றே செய்து வரி தேடியவர்கள் பலர்.

நகல்கள் தரும் சாட்சி

தயாரிப்பு நின்ற பெட்டிக்கு ஆள் அலைய ஆரம்பித்ததும் நகல்கள் வந்தன. என் வாதத்தை இவற்றை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

1993-ல் நோவேஷனின் பேஸ் ஸ்டேஷன் வந்தது. நல்ல கருவி, ஆனால் உள்ளே சீக்வென்சர் (ஏற்றிய வரியைத் தானே ஓட்டும் பகுதி) இல்லாத கீபோர்டு. 303 சாயல் உண்டு, 303 இல்லை. 1996-ல் ரோலண்டே எம்சி-303 என்று பெயர் சூட்டி ஒன்று விட்டது. பதிவு செய்த ஒலிகளை வாசிக்கிற டிஜிட்டல் பெட்டி அது. எண்ணைத் தவிர வேறு உறவு குறைவு. இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியாவில் ராபின் விட்டில் என்ற பொறியாளர், அசல் பெட்டிகளையே திறந்து மாற்றியமைத்து 'டெவில் ஃபிஷ்' என்று பெயரிட்டார். அவர் புதிதாகக் குமிழ் வைத்த இடங்களில் ஸ்லைடு நேரமும் ஆக்சென்ட் ஏற்றமும் உண்டு. பெட்டியின் உயிர் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1997-ல் ஸ்டாக்ஹோமின் புரொப்பெல்லர்ஹெட் வெளியிட்ட ரீபர்த் மென்பொருள்தான் பலருக்கு முதல் 303. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு 303, கூடவே டிரம் மெஷின். இது என் வாதத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல். ரீபர்த்தில் அந்த இரண்டு கட்ட ஏற்றும் முறை கிடையாது. ஒவ்வொரு ஸ்டெப்பாக நேரே போடலாம். இருந்தும் அது 303 மாதிரியே ஒலித்தது. காரணம், ஸ்லைடையும் ஆக்சென்டையும் ஸ்டெப்பிலேயே வைத்திருந்தார்கள். ஆகவே கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன்: குரலுக்குக் காரணம் சுற்று, விபத்துகளுக்குக் காரணம் ஏற்றும் முறை. ரீபர்த்தில் குரல் கிடைத்தது, விபத்து குறைந்தது. அதன் ஐபேட் வடிவத்தை ரோலண்ட் ஆட்சேபித்ததால் 2017-ல் நிறுத்த வேண்டியதாயிற்று.

2005 வாக்கில் லிமோர் ஃபிரைடு வெளியிட்ட எக்ஸாக்ஸ்பாக்ஸ், வீட்டிலேயே சால்டர் செய்து கட்டிக்கொள்ளும் நகல். சுற்றுப்படம் எல்லாருக்கும் திறந்திருந்தது. அசலில் இருந்த பிஏ662 என்ற வழக்கொழிந்த சில்லைத் தேடிப் பலர் பழைய கருவிகளைக் குடைந்தார்கள். ரோலண்ட் 2014-ல் டிபி-3, 2016-ல் டிபி-03 என்று டிஜிட்டலில் திரும்பி வந்தது. 2019 இறுதியில் பெரிஞ்சரின் டிடி-3, அனலாக்காகவே, 150 டாலர் அளவில். 1981-ல் 395 டாலருக்குப் போகாத சரக்கு என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

பிற்கால நகல்கள் சிலவற்றில் ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தான் சேர்க்கையை அழுத்தினால் பெட்டியே ஏதோ ஒரு வரியை உருவாக்கித் தரும். பேட்டரி கழன்றால் வருகிற கோளாறை இப்போது அம்சப் பட்டியலில் போட்டு விற்கிறார்கள். என்னுடையதிலும் இருக்கிறது. இதை எழுதுவதற்கு நடுவே பத்து முறை அழுத்திப் பார்த்தேன். எட்டு குப்பை, ஒன்று சுமார். ஆறாவதாக வந்தது அபாரம். சேமிக்காமலே ஏழாவதை அழுத்திவிட்டேன்.